ஸ்கேன் செய்த நூலில் வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் 'பக். 214' என்று இருக்கிறது. அந்த நூலின் பிடிஎஃப் இணையத்தில் கிடைத்துவிட்டது. திறந்து, மேலே உள்ள கட்டத்தில் 214 என்று தட்டினால் வருவது 182ஆம் பக்கம். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களே அதிகம். பத்து நிமிடம் அதில் போய்விடும். பக்கத்தின் எண் தெரியாமல் 'இந்த நூலில் எங்கோ அந்தப் பாட்டு வருகிறது' என்ற அளவில்தான் தகவல் என்றால் அரை நாளே போகும். இரண்டுக்கும் வழி உண்டு. ஸ்கேன் நூல் எப்படி உருவாகிறது, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிப் பதிந்திருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பெரும்பாலான பக்கங்களை நாலைந்து தாவலில் பிடித்துவிடலாம்.

ஒரு பக்கத்துக்கு மூன்று எண்கள்

முதலாவது, தாளில் அச்சாகியிருக்கும் எண். அடிக்குறிப்பும் பொருளடக்கமும் சொல்வது இதைத்தான். இரண்டாவது, கோப்பில் அது எத்தனையாவது படம் என்ற எண். முன்னட்டையே 1. உள்தலைப்பு, பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அச்சில் அவற்றுக்கு ரோமன் எண் இருக்கும், அல்லது எண்ணே இருக்காது. மூன்றாவது, இணையதள முகவரியில் வரும் எண். இது தளத்துக்குத் தளம் மாறும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒரு நூலைப் புரட்டும்போது முகவரியைக் கவனியுங்கள். 'பேஜ்' என்ற சொல்லுக்குப் பின் ஆங்கில 'என்' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் சுழியத்தில் தொடங்குகிறது. அங்கே 36 என்றிருந்தால் அது 37ஆவது படம். அதே நூலைத் தரவிறக்கித் திறந்தால் 37 என்று தட்ட வேண்டும். 'என்' எழுத்து இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது அச்சுப் பக்க எண். கூகுள் புக்ஸ் முகவரியில் அச்சுப் பக்க எண்ணுக்கு முன்னால் 'பிஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். ரோமன் எண்ணிட்ட முன்பகுதிக்கு 'பிஆர்'.

சில பிடிஎஃப்களில் தயாரித்தவர்களே அச்சு எண்ணைக் கோப்புக்குள் பதித்திருப்பார்கள். அப்படியிருந்தால் அக்ரோபாட் ரீடர் அச்சு எண்ணையும் அது மொத்தத்தில் எத்தனையாவது என்பதையும் சேர்த்தே காட்டும், அச்சு எண்ணைத் தட்டினாலே போதும். தமிழ் ஸ்கேன்களில் இது அபூர்வம். நாமே கணக்குப் போட வேண்டியிருக்கும்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தல்

முதலில் நூலின் நடுப்பகுதியில் எங்காவது தாவி, எண் தெளிவாகத் தெரியும் ஒரு பக்கத்தில் நில்லுங்கள். கோப்பு எண்ணிலிருந்து அச்சு எண்ணைக் கழியுங்கள். கோப்பில் 182, அச்சில் 150 என்றால் வித்தியாசம் 32. தேடும் பக்கம் 214 என்றால் 246 என்று தட்டுங்கள். வித்தியாசத்தை முதல் பக்கத்தில் பார்ப்பதைவிடத் தேடும் இடத்துக்குப் பக்கத்தில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நூல் நெடுக அது ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது.

246 என்று தட்டியும் அச்சில் 210 வந்தால், இடையில் எண்ணில்லாத நான்கு பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன. தனியாக அச்சிட்டு ஒட்டிய படத்தாள்கள், வரைபடம், அல்லது ஒரே பக்கத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்தது காரணமாக இருக்கும். வித்தியாசம் இப்போது 36. 250க்குப் போனால் சரியாக இருக்கும். மாறாக 222 வந்தால் எட்டுப் பக்கம் குறைகிறது. எட்டு, பதினாறு என்று குறைந்தால் அது ஸ்கேன் செய்தவரின் கவனக்குறைவாக இருக்க வாய்ப்புக் குறைவு. நூல்கள் எட்டு அல்லது பதினாறு பக்க ஃபாரங்களாக அச்சாகி, மடித்து, தைக்கப்படுகின்றன. ஒரு ஃபாரம் கழன்று விழுந்திருந்தால், அல்லது பைண்டிங்கில் விட்டுப்போயிருந்தால் அந்தப் பிரதியில் அந்தப் பக்கங்களே கிடையாது. அதற்குமேல் அந்தக் கோப்பில் தேடிப் பயனில்லை. ஒன்றோ இரண்டோ குறைந்தால் ஸ்கேன் செய்யும்போது தாள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கும்.

பழைய நூல்களில் ஃபாரத்தின் முதல் பக்க அடியில் சிறிய எண் ஒன்று தனியே நிற்பதைப் பார்க்கலாம். அது ஃபாரத்தின் வரிசை எண். பக்க எண் பூச்சி அரித்தோ ஸ்கேனில் வெட்டுப்பட்டோ போயிருந்தால் இது கைகொடுக்கும். பதினாறு பக்க ஃபாரம் என்றால், 14 என்ற எண் நிற்கும் பக்கம் 13 × 16 + 1, அதாவது 209. இன்னொரு சோதனையும் உண்டு. ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் விரித்த நூலின் வலப்பக்கத்தில்தான் வரும். இடப்பக்கத்தில் ஒற்றைப்படை எண் தெரிந்தால் அதற்கு முன் எங்கோ ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது.

நூலை விரித்து வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே படமாக எடுத்த கோப்புகளில் கழித்தல் கணக்கு உதவாது. ஒரு படத்துக்கு இரண்டு பக்கம் நகரும். 40ஆவது படத்தில் 50, 51 என்ற பக்கங்கள் இருந்தால், 214க்குப் போக (214 − 50) ÷ 2 = 82. அதை 40உடன் கூட்டினால் 122. ஒற்றைப்படைப் பக்கம் வேண்டுமானால் அதற்கு முந்திய இரட்டைப்படை எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள்.

இரண்டு பாகங்களை ஒன்றாக பைண்ட் செய்து ஸ்கேன் செய்திருந்தால் எண் நடுவில் மறுபடி 1இலிருந்து தொடங்கும். நூலின் கடைசியில் அரும்பத அகராதிக்குத் தனி எண் வரிசை கொடுப்பதும் உண்டு. ஒரே கோப்பில் இரண்டு 214 இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். இதழ்களில் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஓராண்டுத் தொகுதி முழுக்க எண் தொடர்ந்து போகும் இதழ்கள் உண்டு. அங்கே ஐந்தாவது இதழ் 200ஐத் தாண்டித் தொடங்கினாலும் அதற்குமுன் எதுவும் விடுபட்டதாகப் பொருளில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அடிக்குறிப்பு சொல்லும் பதிப்பும் உங்கள் கையில் உள்ள பதிப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் முதற்பதிப்புக்கும் பின்னால் வந்த பதிப்புக்கும் பக்கம் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பதிப்பு வேறாக இருந்தால் பக்க எண்ணை விட்டுவிட்டு, பாட்டு எண், அதிகாரம், இயல் போன்ற மாறாத அடையாளங்களைப் பிடித்துத் தேடுங்கள்.

பக்க எண்ணே தமிழ் எண்ணாக இருந்தால்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களிலும், இருபதாம் நூற்றாண்டின் சில நூல்களிலும் பக்க எண் ௧, ௨, ௩ என்று ஓடும். வரிசை: ௧ 1, ௨ 2, ௩ 3, ௪ 4, ௫ 5, ௬ 6, ௭ 7, ௮ 8, ௯ 9, ௰ 10, ௱ 100, ௲ 1000. எழுதும் முறை இரண்டு. பழைய முறையில் 214 என்பது ௨௱௰௪. இரண்டு நூறு, ஒரு பத்து, நான்கு என்று படிக்க வேண்டும். 125 என்பது ௱௨௰௫, நூறுக்கு முன்னால் ஒன்று வராது. இட மதிப்பு முறையில் அதே 214 வெறும் ௨௧௪. ஒரு நூலில் எந்த முறை என்பதைப் பத்தாம் பக்கத்தைத் தாண்டியதும் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சகங்களில் எண்ணுக்குத் தனி எழுத்து இல்லாமல் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய, ள என்ற எழுத்துகளையே கோத்துவிடுவதும் உண்டு. படத்தில் உள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி மென்பொருளும் இவற்றை எழுத்தாகத்தான் படிக்கும். 'கஉ' என்று வந்தால் அது 12. ௪ என்பதும் ௬ என்பதும் தேய்ந்த அச்சில் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

தாவும் வழிகள்

அக்ரோபாட் ரீடரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்க எண் கேட்கும் பெட்டி வரும். சுமாத்ரா பிடிஎஃப் என்ற இலவச மென்பொருளில் கன்ட்ரோலும் ஜியும். பழைய, மெதுவான கணினியில் பெரிய ஸ்கேன்களைத் திறக்க சுமாத்ராவையே பரிந்துரைப்போம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் மேல்பட்டையில் உள்ள எண் கட்டத்தைச் சொடுக்கி எண்ணைத் தட்டினால் போதும். கைபேசியில் அக்ரோபாட் செயலியில் ஓரத்தில் தெரியும் பக்க எண்ணைத் தொட்டால் எண் கேட்கும். விரலால் இழுத்து இழுத்துப் போக வேண்டியதில்லை.

அடிக்குறிப்பைப் பார்க்கக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டு, படித்துக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்ப அக்ரோபாட்டில் ஆல்ட் விசையுடன் இடது அம்புக்குறியை அழுத்துங்கள். பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

ஒரு பக்கத்தை இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமானால், இணையத்தில் உள்ள பிடிஎஃப் முகவரியின் கடைசியில் # குறி, அதையொட்டி 'பேஜ்' என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகள், = குறி, பிறகு எண் என்று இடைவெளியில்லாமல் சேருங்கள். திறக்கும்போதே அந்தப் பக்கம் வரும். இங்கே கொடுக்க வேண்டியது கோப்பு எண், 1இலிருந்து எண்ணியது. கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி இருந்தால் உலாவியில் பக்கம் வெள்ளையாகவே நிற்கும், ஏனென்றால் அதுவரை உள்ள பகுதி இறங்கி முடிந்திருக்காது. அத்தகைய கோப்பைத் தரவிறக்கிவிட்டுத் திறப்பதே மேல்.

விக்கிமூலத்தில் உள்ள நூல்களில் ஸ்கேன் படமும் தட்டச்சு செய்த உரையும் அருகருகே இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி. கோப்பின் பெயருக்குப் பின் சாய்கோடு, பிறகு எண். அந்த எண்ணும் கோப்பு எண்தான். நூலின் 'அட்டவணை' பக்கத்துக்குப் போனால் அச்சு எண்கள் கட்டம் கட்டமாக இருக்கும், அதில் 214ஐச் சொடுக்கினால் கணக்கே போடாமல் போய்ச் சேரலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் என்றால் முதலில் விக்கிமூலத்தைப் பாருங்கள்.

பக்க எண் தெரியாதபோது: தேடல் ஏன் தோற்கிறது

'கன்ட்ரோல்-எஃப் போட்டேன், இல்லை என்கிறது' என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். சொல் நூலில் இருக்கும், தேடலுக்குத் தெரியாது. ஏன் என்று அறிய ஒரு சோதனை: ஏதாவது ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். எந்தத் தேடலும் உதவாது. கீழே வரும் பாகப்படுத்தும் முறைக்குப் போங்கள்.

ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கலவையாக ஒட்டினால், அது பாமினி, வானவில், டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்த கோப்பு. திரையில் தமிழ், உள்ளே வேறு. இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடில் நீங்கள் தட்டும் சொல்லை அது அறியாது. அதே கோப்பில் பொருளடக்கத்திலோ தலைப்பிலோ அந்தச் சொல் கண்ணில் பட்டால் அதையே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பார்க்கக் குப்பை போலிருக்கும், ஆனால் சரியாகப் பிடிக்கும். கண்ணில் படவில்லை என்றால், அக்ரோபாட்டில் கன்ட்ரோலும் டியும் அழுத்தி எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் உங்கள் சொல்லை அந்த எழுத்துருவின் குறியீட்டுக்கு மாற்றி, வந்ததை ஒட்டுங்கள்.

தமிழாகவே வந்து, ஆனால் எழுத்துகள் இடம் மாறியிருந்தால், கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னாலேயே பதிந்திருக்கின்றன. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு. இந்தக் கோப்புகளில் திரையில் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு க. அதனால் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ சேர்ந்த உயிர்மெய் எழுத்து உள்ள எந்தச் சொல்லும் அகப்படாது. அந்த எழுத்துகள் இல்லாத பகுதியை மட்டும் தேடுங்கள். 'தொல்காப்பியம்' வேண்டுமானால் 'ல்காப்பிய' என்று தட்டுங்கள். முதலெழுத்தின் சிக்கல் போய்விடும். கடைசி மகர ஒற்றை விட்டதால் தொல்காப்பியத்தில், தொல்காப்பியர் எல்லாம் சேர்ந்து வரும்.

எல்லாம் சரியாக ஒட்டியும் சொல் கிடைக்கவில்லை என்றால்தான் வேலை சுவாரசியமாகிறது. இது பெரும்பாலும் எழுத்துணரி படித்துத் தந்த உரை, அதில் பிழை இருக்கும். எந்த இடத்தில் பிழை வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும் என்பதால் சொல்லைத் தேர்ந்து தேடலாம்.

துணைக்காலும் ர-வும் குழம்பும். 'பாரதி' என்பது 'பரரதி' ஆகியிருக்கும். புள்ளி காணாமல் போகும், முக்கியமாகக் குறைந்த தெளிவில் ஸ்கேன் செய்தவற்றில். 'ஔ' என்பது 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரியும். அதனால் 'ஔவை' கிடைக்கவில்லை என்றால் 'ஒளவை' என்று ளகரம் போட்டும் பாருங்கள். 'ஸ்ரீ'யை இரண்டு விதமாகக் கணினியில் பதியலாம், இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த சொல்லைத் தேடுவது எளிது.

1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவையும் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவையும் வேறு வடிவில் இருக்கும். புதிய எழுத்துகளில் பழகிய எழுத்துணரி இவற்றில் தடுமாறும். பழைய நூலில் 'தலைவன்' என்று தேடுவதைவிட அதே வரியின் இன்னொரு சொல்லைத் தேடுவது பயன் தரும். இந்தப் பதின்மூன்று எழுத்தும் இல்லாத, ஐந்தாறு எழுத்துள்ள ஒரு பெயர்ச்சொல் கிடைத்தால் அதுவே சரியான தேடுசொல்.

தமிழ் அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது வழக்கம். 'பாண்டி' இங்கே, 'யன்' அடுத்த வரியில். முழுச்சொல்லும் தேடலில் வராது. நீண்ட சொல்லானால் முன்பாதியை ஒருமுறையும் பின்பாதியை ஒருமுறையும் தேடுங்கள்.

வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் உருவம் மாறுவதையும் மறக்கக் கூடாது. 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது. 'குள' என்றால் எல்லாம் வரும், வேண்டாதவையும் வரும். 'குளத்' என்பது நடுவழி. அதேபோல் வீடு, ஆறு என்பவற்றுக்கு 'வீட்ட', 'ஆற்ற' என்று தனியாகத் தேட வேண்டும்.

செய்யுள் தேடும்போது தோல்விக்குப் பெரிய காரணம் புணர்ச்சி. நாம் நினைவில் வைத்திருப்பது 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'. பழைய பதிப்பில் இருப்பதோ 'யாது மூரே யாவருங் கேளிர்'. 'யாதும்' இல்லை, 'ஊரே' இல்லை, 'யாவரும்' இல்லை. நான்கு சொல்லில் 'கேளிர்' ஒன்றுதான் உருமாறாமல் நிற்கிறது. திருக்குறளின் முதல் குறளில் 'உலகு' என்று தேடினால் கிடைக்காது, அச்சில் 'யுலகு' என்றிருக்கும். 'முதற்றே' என்று தேடுங்கள். பொதுவாக, உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லையும் மகர ஒற்றில் முடியும் சொல்லையும் தவிர்த்துவிட்டால் தேடல் பிழைக்கும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் ஆண்டைத் தேடுங்கள். 1, 8, 9, 4 போன்ற எண்களை எழுத்துணரி தமிழ் எழுத்தைவிட நன்றாகவே படிக்கும். வேண்டிய செய்திக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டோ கல்வெட்டு எண்ணோ ஆங்கிலப் பெயரோ இருக்கும் என்று தெரிந்தால் அதுதான் நல்ல தூண்டில்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் நூலுக்குள்ளேயே தேடும் பெட்டி உண்டு. கிடைத்த இடங்கள் கீழே உள்ள பட்டையில் குறிகளாக நிற்கும். அது ஏமாற்றினால், தரவிறக்கப் பட்டியலில் உள்ள முழு உரைக் கோப்பைத் திறந்து அதில் கன்ட்ரோல்-எஃப் போடுங்கள். அதில் பக்க எண் தெளிவாக இருக்காது. சொல் கோப்பின் மூன்றில் இரண்டு பங்கில் வந்தால் நூலிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இருக்கும், அங்கே தாவித் தேடலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற தளத்தில் பல பக்கங்களில் 'எழுத்துணரியாக்கம்' என்ற இணைப்பு உண்டு. இதழ்களின் உள்ளடக்கத்தையும் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். கட்டுரைத் தலைப்பு தெரிந்தால் கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பட்டியலில் பாருங்கள்.

வெறும் படமாக இருந்தால்

முதலில் நூலின் பின்பகுதிக்குப் போங்கள். நல்ல பதிப்புகளில் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் அரும்பத அகராதியும் பெயர் அகராதியும் இருக்கும். அங்கே தரும் எண் பக்கமா, பாட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 192 : 1 என்பது போல இருந்தால் பாட்டும் அடியும். முதலடியே தெரியாவிட்டால், மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் மூலம் தட்டச்சு வடிவில் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே தேடிப் பாட்டு எண்ணை எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு வாருங்கள். 1998இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் பெரும்பாலும் உண்டு. உரையாசிரியர் கூற்றைத் தேடுகிறவர்களுக்கும் இது குறுக்குவழி. மூலத்தை அங்கே பிடித்து உரையை இங்கே படிக்கலாம்.

பாட்டு எண் கிடைத்ததும் பாகப்படுத்துங்கள். நடுவில் தாவி, எண்ணைப் பார்த்து, தேடுவது முன்னாலா பின்னாலா என்று முடிவுசெய்து, அந்தப் பாதியில் மறுபடி நடு. 800 பக்க நூலிலும் பத்துத் தாவலுக்குள் போய்ச் சேரலாம், பத்து முறை பாதியாக்கினால் 1024 பக்கம்வரை அடங்கும். விகிதம் போட்டுத் தாவினால் நாலைந்தே போதும். 133 அதிகாரத்தில் 40ஆவது வேண்டுமானால் நூலில் 30 விழுக்காடு தள்ளித் தொடங்குங்கள்.

விகிதம் தவறுகிற இடமும் உண்டு. புறநானூற்றில் 400 பாட்டு, 192ஆவது பாட்டு பாதிக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய உரை 266ஆவது பாட்டுவரைதான் கிடைத்திருக்கிறது. அந்த உரையோடு வந்த பதிப்பில் முன்பகுதிப் பாட்டுகள் அதிக இடம் பிடிக்கும், பின்பகுதி வெறும் மூலமாகச் சுருங்கும். அதனால் பாதிக்கு அப்பால் தாவித் தொடங்குவதே சரி. எந்த நூலிலும் உரையும் குறிப்பும் எங்கே தடிமனாக இருக்கின்றன என்று பொருளடக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாவுங்கள்.

பக்கத்தின் தலைவரியையும் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் இடப்பக்கத்தில் நூலின் பெயரும் வலப்பக்கத்தில் இயலின் பெயரும் இருக்கும். சிறுபடங்களை வரிசையாகக் காட்டும் பக்கவாட்டுப் பலகையில் இயல் தொடங்கும் பக்கம் மேலே பாதி வெள்ளையாகத் தனித்துத் தெரியும்.

அகராதிகளில் பக்கத்தின் மேலே தலைச்சொல் இருக்கும், ஆனால் வரிசை பிடிபட வேண்டும். தமிழ் அகராதி மரபில் ஆய்தமும் புள்ளி எழுத்தும் உயிர்மெய்க்கு முன் வரும். 'அக்கம்' முன்னால், 'அகம்' பின்னால். மெய்களின் வரிசை க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ற-வும் ன-வும் கடைசியில். கணினியின் யூனிகோடு வரிசையில் ன-வுக்கு இடம் ந-வுக்கு அடுத்து என்பதால் திரையில் அகரவரிசைப் பட்டியல்களைப் பார்த்துப் பழகியவர்கள் தப்பான திசையில் புரட்டுவார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனுக்கு ஸ்கேனைப் புரட்ட வேண்டியதே இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் சொல்லைத் தேடினால் பொருளோடு பக்க எண்ணும் வரும். லெக்சிகனில் ஒரு சொல்லே இல்லை என்று முடிவுகட்டுமுன் 1939இல் வந்த பிற்சேர்க்கையையும் பார்க்க வேண்டும்.

இதே கணக்கு வாக்காளர் பட்டியலுக்கும் பொருந்தும். பாகப் பட்டியலின் பிடிஎஃப் படமாக இருப்பதால் பெயரைத் தேட முடியாது. வரிசை எண் தெரிந்தால் போதும், ஒரு பக்கத்துக்கு 30 பேர். 457ஆவது பெயர் என்றால் 457 ÷ 30, மேல்நோக்கி முழுமையாக்கினால் 16ஆவது பக்கம். முகப்பும் வரைபடமுமாக முன்னால் இரண்டு தாள் இருந்தால் 18. தெருப் பிரிவு மாறும் இடத்தில் பக்கத்தை நிறைக்காமல் விட்டிருந்தால் ஒன்றிரண்டு தள்ளிப்போகும்.

தேடும் பகுதிக்கு மட்டும் எழுத்துணரி

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நூல் என்றால் அதைத் தேடக்கூடியதாக மாற்றிவிடுவது நல்லது. டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி தமிழை அறியும். அதை அடிப்படையாகக் கொண்ட ஓசிஆர்மைபிடிஎஃப், படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உரையைப் படியவைத்துத் தரும். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே மொழியாகக் கொடுங்கள், இல்லையென்றால் ஆண்டுகளும் ஆங்கிலப் பெயர்களும் சிதையும். அங்குலத்துக்கு 300 புள்ளி தெளிவு இருந்தால் விளைவு நன்றாக இருக்கும், அதற்குக் கீழே புள்ளிகள் தொலையத் தொடங்கும். நிறுவத் தெரியாதவர்கள் வேண்டிய பக்கங்களை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் உரை வந்துவிடும். பெரிய கோப்பை அப்படியே கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். பொருளடக்கத்தையும் பின்னட்டவணையையும் மட்டும் இப்படி உரையாக்கி வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. 600 பக்கத்தை மாற்றுவதைவிட அந்த இருபது பக்கத்தை மாற்றுவது புத்திசாலித்தனம்.

பக்கமே இல்லையென்றால்

எண் தாவுகிறது, ஃபாரமே இல்லை என்று உறுதியானால் அதே பதிப்பின் வேறு ஸ்கேன் உண்டா என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இன்டர்நெட் ஆர்க்கைவ், விக்கிமூலம் மூன்றிலும் ஒரே நூலின் வெவ்வேறு பிரதிகள் இருப்பதுண்டு. கோப்பின் முதல் பக்கத்தில் உள்ள நூலக முத்திரையையும் சேர்க்கை எண்ணையும் ஒப்பிடுங்கள். முத்திரை ஒன்றாக இருந்தால் ஒரே பிரதியைத்தான் இரண்டு தளத்திலும் ஏற்றியிருக்கிறார்கள், குறையும் ஒன்றாகவே இருக்கும். இணையத்தில் எங்கும் இல்லையென்றால் நேரில்தான் போக வேண்டும். சென்னையில் கன்னிமாரா நூலகம் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. அதற்கு முந்திய அச்சுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உ.வே.சா. நூலகமும். போகும்போது நூலின் பெயர், பதிப்பாண்டு, அச்சகத்தின் பெயர், விடுபட்ட பக்கங்களின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் எழுதிக்கொண்டு போங்கள்.

கண்டுபிடித்த பக்கத்தைக் குறித்து வைக்கும்போது பதிப்பாண்டு, அச்சு எண், கோப்பு எண் மூன்றையும் எழுதுங்கள்: '1935, பக். 214, கோப்பில் 250' என்கிற மாதிரி. பாட்டு எண்ணோ இயலோ இருந்தால் அதையும் சேருங்கள். நாளைக்குக் கோப்பு வேறு தளத்துக்கு மாறி எண்கள் குலைந்தாலும் பாட்டு எண் நிற்கும்.